லார்க் சந்துக்கு வந்த பேப்பர்காரர்

பெல்லிங் சார் எங்கள் லார்க் சந்துக்கு முதன்முதலாக வந்தது ஏழை வேஷத்தில். அந்த வேஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கோட்டின் இரண்டு முழங்கைகளிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் கிழிசல். கத்தரிக்கோலால் வெட்டியது பார்த்தாலே தெரிந்தது. முகத்தில் கரி பூசியிருந்தார், ஆனால் காதுக்குப் பின்னால் பூச மறந்துவிட்டார். பூட்ஸின் மேலெல்லாம் சேறு, அடியில் புத்தம்புதுத் தோல். லண்டனில் எங்கள் பெர்மாண்ட்சிப் பகுதியில் பாதிப் பேர் தோல் பதனிடுகிறவர்கள். அவர்களிடமே வந்து தோலில் ஏமாற்றப் பார்த்தால் நடக்குமா?

சந்து முனையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனையும் அவர் பின்னால் ஊர்வலமாக வந்தன. என் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார். ஏழை வேஷத்தில் இருப்பவர் அப்படிக் கழற்றக் கூடாது என்று நினைவு வந்தவுடன் மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னாம்மே, வேலை தேடிக்கினு வந்தேன். ஒரு மூலைல குந்திக்க எடம் கீதா?" என்றார்.

எங்கள் பக்கம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நாடகக் கொட்டகையில் ஏழையாக நடிப்பவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். நான் கையில் பிடித்திருந்த முயல்தோலைக் கீழே வைக்காமலே அவரைப் பார்த்தேன்.

என் தொழில் முயல்தோலில் மயிர் பிடுங்குவது. முரட்டு மயிரை எல்லாம் மொட்டைக் கத்தியால் பிடுங்கிவிட்டு, தொப்பி செய்பவர்களுக்கு வேண்டிய மெல்லிய மயிரை மட்டும் தோலில் விட்டு அனுப்ப வேண்டும். நாள் முழுக்க வீட்டுக்குள் மயிர் மிதந்துகொண்டே இருக்கும். தேநீரில், ரொட்டியில், கண் இமையில் எல்லாம் அதுதான். வாசலுக்குள் காலை வைத்ததும் அந்த மனிதர் தும்ம ஆரம்பித்தார். ஒன்பது தும்மல் வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.

"நீங்க எந்தப் பேப்பரு?" என்றேன்.

"இன்னாது?"

"அந்த இன்னாவ விடுங்க சார். எந்தப் பேப்பருன்னு கேட்டேன்."

அவர் முகம் விழுந்துவிட்டது. இப்போது வந்தது அவருடைய சொந்தக் குரல். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"காதுக்குப் பின்னாடி வெள்ளையா இருக்கு. நகத்துக்குள்ள மை இருக்கு. வேலை தேடுறவன் அஞ்சு மணிக்கே துறைமுக வாசல்ல போய் நிப்பான், பதினோரு மணிக்கு வந்து எம் வாசல்ல நிக்க மாட்டான். போதுமா, இன்னும் சொல்லணுமா?"

அவர் அப்படியே தோல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். "மூணு நாளா இந்தப் பேச்சைப் பழகினேன்" என்றார். எனக்கே பாவமாகிவிட்டது. போன வருடமும் ஒருவர் இப்படி வந்தார், அவர் தள்ளாடும் குடிகாரனாக நடித்துக்கொண்டு. இவர் பரவாயில்லை.

பின்னறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. ஒரு வாரம் தங்கட்டும், கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: எங்கள் குழாயைப் பற்றி எழுத வேண்டும்.

சந்தின் கடைசியில் ஒரு குழாய். பதினாலு வீட்டில் தொண்ணூற்று மூன்று பேருக்கு அது ஒன்றுதான். தண்ணீர்க் கம்பெனி ஆள் ஹாப்ஸ் காலையில் ஏழு மணிக்கு வந்து பெரிய சாவியால் தெருவில் இருக்கும் வால்வைத் திறப்பான். அரை மணி நேரம் தண்ணீர் விட வேண்டும் என்பது ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது. சனிக்கிழமை பிடித்த தண்ணீர் திங்கட்கிழமை காலை வரை தொட்டியில் கிடந்து, மேலே முயல்மயிர் படிந்து, ஆடை கட்டியிருக்கும். அதில்தான் தேநீர் போட்டுக் குடித்தோம். எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற பெரிய மனிதர்கள், இவர்கள் ஏன் குளிப்பதில்லை என்று கேட்பார்களே தவிர, எதில் குளிப்பார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"கண்டிப்பா எழுதறேன். முதல் வரியே குழாய்தான்" என்றார் பெல்லிங் சார்.

அந்த ஒரு வாரம் என் பொறுமைக்கு வந்த சோதனை. முதல் நாள், "நாளைக்குக் காலைல குழாயடிக்கு வரேன்" என்றார். மறுநாள் ஏழு மணிக்கு எழுப்பினேன், போர்வைக்குள்ளிருந்து "இதோ" என்றார், அதோடு சரி. அதற்கு அடுத்த நாளும் இதே கதை. நான்காவது நாள் வாசல்வரை வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், அங்கேயே நின்று ஏதோ குறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனால் கேள்வி கேட்பதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

"மிஸஸ் டாலிவர், ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழுவீங்க?"

"எதுக்கு அழணும்?"

"வாழ்க்கைய நினைச்சு."

"அதுக்கெல்லாம் நேரம் ஏது சார்? வெங்காயம் நறுக்கும்போது எல்லாத்துக்கும் சேத்து அழுதுக்குவேன்."

பென்சில் ஓடியது. "அதை எழுதாதீங்க, சும்மா சொன்னேன்" என்றேன். அதற்குள் எழுதி முடித்துவிட்டார்.

சனிக்கிழமை என் புருஷன் ஜெம் வந்தான். அவன் சரக்குப் படகில் வேலை பார்க்கிறவன். மெட்வே ஆற்றுப் பக்கம் போய் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் தேவாலயத்தில் எழுந்து நின்று, இனி குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவன். அந்தச் சத்தியச் சீட்டைக் கண்ணாடி போட்டு அடுப்புக்கு மேலே மாட்டி வைத்திருந்தோம். அதை எடுத்து பெல்லிங் சாரிடம் காட்டினான். இரண்டு பேரும் ஹெரிங் மீனும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டு படகைப் பற்றி, ஆற்றைப் பற்றிப் பேசினார்கள். போகும்போது பெல்லிங் சார் ஜெம்மின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

அடுத்த வியாழக்கிழமை கட்டுரை வந்தது. ஜெம் அந்தப் பேப்பரை வாங்கிக்கொண்டு நேராகக் குழாயடிக்கே வந்துவிட்டான். தண்ணீர் அப்போதுதான் நின்றிருந்தது, எல்லோரும் வாளியோடு அங்கேயே இருந்தார்கள். சந்தில் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கவிழ்த்துப் போட்ட தொட்டி மேல் ஏறி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"'தோல் நாற்றம் சூழ்ந்த அந்த இருண்ட சந்தில், பனிபோல் மிதக்கும் முயல் மயிர்களிடையே, வெங்காயம் நறுக்கும் வேளையில் மட்டுமே கண்ணீர் விட அனுமதி பெற்ற ஒரு விதவை அமர்ந்திருக்கிறாள்...'" ஜெம் நிறுத்தினான். "விதவையா? இங்க முயல் மயிர் பிடுங்குறது நம்ம கெசையா மட்டும்தானே?" என்று என்னைப் பார்த்தான்.

"மேல படிய்யா" என்றாள் டார்கஸ். எதிர்வீட்டுக்காரி. குழாயடியில் அவள் முழங்கைக்கு எல்லோருக்கும் பயம்.

"'அவளுடைய கணவன் ஒரு படகோட்டி. ஜின் சாராயம் என்னும் அரக்கனுக்கு அடிமையாகி, சென்ற குளிர்காலத்தில் போதையில் தேம்ஸ் நதியில் விழுந்து மாண்டான்.'"

டார்கஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி ஜெம்மு! குளிர்காலத்துலயே செத்துட்டியா? எங்க யாருக்கும் ஒரு வார்த்த சொல்லலியே!"

ஜெம்முக்குச் சிரிப்பு வரவில்லை. "செத்தது போகட்டும். ஜின்னா? நானா?" என்றான்.

"குழாயப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

அவன் விரலை வைத்துத் தேடினான். இரண்டாவது பத்தியின் கடைசிவரை போனான். "இருக்கு. 'இங்குள்ள பெண்கள் குழாயடியில் சண்டையிட்டே காலைப் பொழுதைக் கழிக்கின்றனர்.'"

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

மறுநாளிலிருந்து தர்மம் செய்யும் சீமாட்டிகள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி சூப் கொண்டுவந்தாள். ஒருத்தி மதுவின் தீமை பற்றி அச்சடித்த தாள்களை நாற்பது பிரதி கொடுத்துவிட்டுப் போனாள். மூன்றாவது ஒருத்தி, வயதான அம்மாள், விதவைகள் அணியும் கறுப்புத் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, என் தலையில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஜெம் உள்ளே வந்தான்.

"இவர் யாரு?" என்றாள்.

"எம் புருஷன்."

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இவ்வளவு சீக்கிரமாவா?"

"அதே புருஷன்தாம்மா."

அவள் நம்பவில்லை. தொப்பியை என் தலையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்றாவது மாடியிலிருந்து நோரா கிழவி குரல் கொடுத்தாள். இடுப்பு எலும்பு தேய்ந்து, நான்கு வருடமாகப் படி இறங்காதவள். ஆனால் சந்தில் நடப்பது ஒன்றும் அவள் காதுக்குத் தப்பாது. "ஏண்டி கெசையா, தொப்பிய வாங்கி வெச்சிருக்கலாம்ல? எனக்காவது ஆயிருக்கும்."

அதுவரைக்கும்கூடச் சிரித்துச் சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை தரகர் க்ரவுச் வந்தார். எனக்குத் தோல் கொடுத்து வாங்குகிறவர். வாசலிலேயே நின்றார். பிடுங்கியது, பிடுங்காதது எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொன்னார். "பேப்பர்ல பேசுற பொம்பளைக்கு என்கிட்ட வேலை இல்ல" என்றார். ஒன்பது வருடம் அவருக்கு வேலை செய்தேன். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். அன்றைக்கு முதல்முறையாக என் வீட்டில் காற்று சுத்தமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஜெம்முக்கு அதைவிட மோசம். அவன் படகில் யாரோ ஒரு ஜின் புட்டிக்குக் கறுப்பு நாடா கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை காலை நான் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"எங்க?" என்றான்.

"பேப்பர் ஆபீசுக்கு. நீயும் வா. பொணத்தக் காட்டாம எப்படிப் பேசறது?"

லண்டன் பாலத்தைத் தாண்டி, நடந்தே போனோம். மாடிப்படி ஏறி உள்ளே நுழைந்ததும் ஜன்னலோரம் பெல்லிங் சார் எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து ஆசிரியர் வந்தார். பருத்த மனிதர், வாயில் சுருட்டு. விஷயத்தைக் கேட்டதும் ஜெம்மிடம் கை நீட்டினார்.

"உயிரோட இருக்கீங்க! ரொம்பச் சந்தோஷம். ஒரு திருத்தம் போட்டுடலாம்."

"திருத்தத்த அப்புறம் போடுங்க. குழாய் எங்க போச்சு? அதச் சொல்லுங்க" என்றேன்.

"அம்மா, குழாயப் படிக்க எவனும் பேப்பர் வாங்க மாட்டான். விதவைன்னா வாங்குவான். போன வாரம் உங்க கட்டுரைக்காக ரெண்டாம் தடவை அச்சடிச்சோம், தெரியுமா?"

அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதுபோல் நின்றார். ஜெம் அவரைப் பார்க்கவே இல்லை. பெல்லிங் சாரைத்தான் பார்த்தான்.

"சார், எங்க வீட்டுல சாப்பிட்டீங்க. அந்தச் சீட்ட உங்க கையில குடுத்தேன். என்னப் பத்தி எழுதினது நீங்களா, இவரா?"

பெல்லிங் சார் நினைத்திருந்தால் ஆசிரியர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஆசிரியரும் அதற்குத் தயாராகத்தான் நின்றார். ஆனால் அவர், "நான்தான்" என்றார். "முதல்ல குழாயப் பத்தி மூணு பக்கம் எழுதிக் குடுத்தேன். புருஷன் உயிரோட, குடிக்காம, ஒழுங்கா இருந்தா கட்டுரை நிக்காதுன்னு சொன்னாங்க. மாத்தி எழுதினது என் கைதான்."

கத்துவதற்கு என்றே அவ்வளவு தூரம் நடந்து வந்தவள் நான். அவர் இப்படி உடனே ஒப்புக்கொண்டதில் என் கோபத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போய்விட்டது. அது எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் கிளப்பியது.

"ரொம்ப வருந்தறேன், மிஸஸ் டாலிவர்" என்றார்.

"அத வெச்சு நான் தேநீர் போட முடியாது சார். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஒரு வாளிய எடுத்துக்கிட்டு வந்து வரிசைல நில்லுங்க. உங்க சொந்தக் கோட்டோட."

வருவார் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் வந்தார். நல்ல கோட்டு, உயரத் தொப்பி, கையில் குழந்தைகள் மணல் அள்ளுவதற்கு வைத்திருப்பதுபோல் ஒரு குட்டி வாளி. ஹாப்ஸ் வால்வைத் திறந்ததும் கூட்டம் முண்டியது. பெல்லிங் சார் தொப்பியைத் தொட்டு, "நீங்க போங்கம்மா... நீங்களும் போங்க..." என்று ஒவ்வொருத்தியையும் முன்னால் விட்டுக்கொண்டே இருந்தார். டார்கஸ் முழங்கையால் ஒரு இடி இடித்தாள், தொப்பி சாக்கடையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தார். நிமிர்வதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

"என்ன சார் பண்றீங்க? இது என்ன நடன விருந்தா, பொம்பளைங்களுக்கு வழி விட்டுக்கிட்டு நிக்க?" என்று கத்தினேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கையில் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்தொம்பது நிமிஷம்" என்றார். தன் பையிலிருந்து யாரோ திருடிவிட்டதுபோல இருந்தது அவர் குரல். "முப்பதுன்னு சொன்னீங்க. பத்தொம்பதுதான் வந்துது."

எங்கள் சந்தில் யாரிடமும் கடிகாரம் கிடையாது. அரை மணி நேரம் என்றார்கள், நம்பிக்கொண்டிருந்தோம். ஹாப்ஸைப் பிடித்துக் கேட்டதற்கு, "எனக்கு இன்னும் எட்டுச் சந்து இருக்கு, எல்லா எடத்துலயும் பத்து மணிக்குள்ள தொறந்து மூடணும், நான் என்ன பறவையா?" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான்.

ஞாயிறு நீங்கலாக ஆறு நாள் தொடர்ந்து வந்தார். இரண்டாவது நாள் பெரிய வாளி. மூன்றாவது நாள் முழங்கையை உபயோகிக்கக் கற்றுக்கொண்டார். நான்காவது நாள் டார்கஸே அவரைப் பார்த்து, "ஏய்யா, மெதுவா" என்றாள். பிடித்த தண்ணீரை நோராவுக்காக மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார், பாதி படியிலேயே கொட்டிவிடும்.

"பேப்பர்காரரே, படிய எதுக்குக் குளிப்பாட்டறீங்க? அது என்ன கேட்டுச்சு?" என்பாள் நோரா.

ஒரு வாரம் முடிந்ததும் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். இத்தனை பேர், இத்தனை நிமிடம், இத்தனை வாளி, வரிசையில் நின்றும் தண்ணீர் கிடைக்காமல் திரும்பியவர்கள் இத்தனை பேர் என்று வெறும் விவரங்கள்.

"அழுகை ஏதாவது வருதா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"வெங்காயம்?"

"இல்லம்மா."

"அப்ப சரி."

ஆசிரியர் அதைப் போட மாட்டேன் என்றுவிட்டார். விதவையின் கிறிஸ்துமஸ் என்று ஒரு தொடர்ச்சி எழுதித் தரச் சொன்னாராம். பெல்லிங் சார் முடியாது என்றிருக்கிறார். அன்று சாயங்காலமே அவர் வேலை போய்விட்டது. என் வீட்டுக்கு வந்து ஏதோ பரிசு வாங்கியவர்போல அதைச் சொன்னார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "எனக்கும் வேலை இல்ல, இப்ப உங்களுக்கும் இல்ல. அந்தக் கட்டுரையால ஜெம்மு அரைக் கூலிக்குப் போறான். இதுல எங்களுக்கு என்ன லாபம்னு கொஞ்சம் வெளக்குங்க சார்."

"வட்டார விஷயத்த முடிவு பண்ற பாரிஷ் மன்றம் செவ்வாய்க்கிழமை கூடுது. அங்க படிக்கப் போறேன்" என்றார்.

போனோம். நீள மேசையைச் சுற்றி இருபது பேர், பெரும்பாலும் கடை வைத்திருப்பவர்கள், வீடு வைத்திருப்பவர்கள். எங்கள் சந்தின் சொந்தக்காரர் பாஸ்க்கும் அதில் ஒருவர். பொதுமக்களுக்கான பெஞ்சில் நான், ஜெம், டார்கஸ் மூவரும் உட்கார்ந்தோம். பெல்லிங் சார் எழுந்து தாளைப் படித்தார். பாதிப் பேர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். படித்து முடித்ததும் பாஸ்க் நிதானமாக எழுந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த பேப்பர் ஒன்றை எடுத்தார்.

"இந்த அம்மாக்களுக்குத் தண்ணி பத்தலன்னு சொல்றீங்க. ஆனா இந்தப் பேப்பர்ல என்ன போட்டிருக்கு? 'இங்குள்ள பெண்கள் குழாயடியில் சண்டையிட்டே காலைப் பொழுதைக் கழிக்கின்றனர்.' சண்டை போடற நேரத்துல பிடிச்சா பத்தாதா? இத எழுதினவர் யாருன்னு மன்றத்துக்குக் கொஞ்சம் சொல்றீங்களா, மிஸ்டர் பெல்லிங்?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. டார்கஸ் எழுந்து நின்றேவிட்டாள், நான் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். தன் வாக்கியமே தன் கழுத்தைப் பிடிக்கும் என்று பெல்லிங் சார் நினைத்திருக்க மாட்டார்.

"எழுதினது நான்தான்" என்றார். "அது பொய். அத எழுதினப்ப நான் அந்த வரிசைல ஒரு நாள்கூட நிக்கல. இன்னும் ஒண்ணு சொல்றேன். அதே பக்கத்துல ஒரு படகுக்காரர் குடிச்சுட்டு ஆத்துல விழுந்து செத்துட்டார்னு எழுதியிருக்கேன். அவர் குடிக்கிறவரும் இல்ல, சாகவும் இல்ல. அதோ அந்த பெஞ்சுல உக்காந்திருக்கார். அவர்கிட்ட உங்க எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

ஜெம்முக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். "பதினோரு வருஷமாச்சுங்க. ஒரு சொட்டு தொட்டதில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மேசைக் கோடியில் பாரிஷின் சுகாதார டாக்டர் இருந்தார். அதுவரை வாய் திறக்காதவர். "நிமிஷம் எத்தனைன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"பத்தொம்பது."

"வியாழக்கிழமை நானே வந்து பாக்கறேன். என் கடிகாரமும் சரியாத்தான் ஓடுது."

வியாழக்கிழமை மழையில் வந்தார். அன்றைக்குப் பதினேழு நிமிடம்தான் தண்ணீர் வந்தது. தொட்டியிலிருந்த பழைய தண்ணீரை ஒரு சீசாவில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதையா குடிக்கிறீங்க?" என்றார். "வேற எதைக் குடிக்கச் சொல்றீங்க டாக்டர்?" என்றேன்.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. கம்பெனி பாஸ்க்கைக் கைகாட்டியது, பாஸ்க் கம்பெனியைக் கைகாட்டினார், மன்றம் இருவருக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தது. குளிர்காலம் முழுக்கப் போய், குழாய் இரண்டு முறை பனியில் உறைந்து, ஏப்ரலில்தான் முடிவுக்கு வந்தது. தினமும் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. மூடி போட்ட பெரிய தொட்டி ஒன்றும் வந்தது. கூடவே பாஸ்க் எல்லா வீட்டுக்கும் வாடகையை ஏற்றினார். அதற்காக டார்கஸ் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பேப்பரில் திருத்தம் போட்டார்கள். குதிரைச் சாணம் விற்பனைக்கு என்ற விளம்பரத்துக்குக் கீழே, 'குறிப்பிட்ட படகோட்டி நலமுடன் இருப்பதாக அறிகிறோம்' என்று. ஜெம் அதைத் துறையில் எல்லோரிடமும் காட்டினான். எழுத்து அவ்வளவு பொடியாக இருந்ததால் ஒருவராலும் படிக்க முடியவில்லை. க்ரவுச் மறுபடி என்னைக் கூப்பிடவே இல்லை. நான் இப்போது சாக்கு தைக்கிறேன். இருமல் குறைந்திருக்கிறது, விரல்தான் வெடித்து வெடித்துப் போகிறது. பெல்லிங் சாருக்குக் கட்டடக்காரர்கள் வாங்கும் ஏதோ ஒரு பேப்பரில் வேலை கிடைத்தது. சாக்கடைகளைப் பற்றி எழுதுகிறாராம். யாரும் படிப்பதில்லை, ஆனால் எழுதியது எழுதியபடியே அச்சாகிறது என்று சொன்னார். மாதம் ஒரு முறை ஹெரிங் மீன் வாங்கிக்கொண்டு வருகிறார். ஜெம் அவரோடு பேச ஆரம்பிக்க அடுத்த வைக்கோல் பருவம்வரை ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாகத் தண்ணீர் வந்த அன்று, பாதிச் சந்து தூங்கிக்கொண்டிருந்தது. வரும் என்று யாரும் நம்பவில்லை. நானும் டார்கஸும் இன்னும் மூன்று பேரும்தான் இருந்தோம். ஆளுக்கு வேண்டிய மட்டும் பிடித்தோம். அப்படியும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே நோராவிடம் போனேன்.

"ஒண்ணுதானேடி கேட்டேன், ரெண்டு எதுக்கு?" என்றாள்.

"கொண்டைய அவுருங்க. தலைய அலசி விடறேன்."

கிழவி கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். இடுப்புவரைக்கும் முடி இருந்தது. எனக்கே தெரியாது. நான் கொண்டுவந்து தரும் தண்ணீர் நான்கு வருடமாகத் தேநீருக்கும் முகம் கழுவவும்தான் காணும். கட்டிலோரமாகத் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள், நான் குவளையால் ஊற்றினேன். சோப்பு நுரை வருவதற்கே மூன்று முறை அலச வேண்டியிருந்தது.

"ஐயோ, ஐஸ் மாதிரி இருக்குடி! கொஞ்சம் சூடு பண்ணிக் கொண்டுவந்தா என்ன?"

"பேசாம இருங்க, வாய்க்குள்ள சோப்பு போயிடும்."

"காதுக்குள்ள போகுது. பாத்து ஊத்து. உனக்கு என்ன அவசரம்? குழாய்தான் இன்னும் ஓடுதே, சத்தம் கேக்குது."

"ஓடுது, ஓடுது. தலைய ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டாவது வாளியை இழுத்தேன்.